பல்செட் இருக்கா? எங்க இருக்கு? - நாம் கேட்க மறக்கும் கேள்வி

1/
இன்னைக்கு கொஞ்சம் நீளமான இழை. உங்க வீட்ல கழட்டி மாட்டுற பல் போட்ட பெரியவங்க இருக்காங்களா? அவங்களுக்கு பக்கவாதம், மறதி நோய், வலிப்பு, பார்க்கின்சன்ஸ் இதுல ஏதாவது ஒண்ணு இருக்கா? அப்படின்னா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். பல்செட்டை நாம கண்ணாடி, கைத்தடி மாதிரி ஒரு சொந்தப் பொருளா மட்டும் பாக்குறோம். ஆனா விழுங்கும் திறன் குறைஞ்சவர் வாயில இருக்கும்போது அது ஒரு மருத்துவ விஷயம். சர்க்கரை, பிரஷர், மருந்து அலர்ஜி எல்லாம் கேஸ் ஷீட்டுல எழுதுற மாதிரி இதையும் எழுதணும். நாம எழுதுறதில்ல.

2/
"அவ்ளோ பெரிய பல்செட்டை எப்படி டாக்டர் முழுங்க முடியும்?"

நியாயமான கேள்வி. எல்லாப் பல்லுக்கும் போடுற முழு செட்டை விழுங்குறது அரிதுதான். ஆபத்து சின்னதுலதான் இருக்கு. ஒரு பல், ரெண்டு பல் மட்டும் வச்ச குட்டித் தகடு. பக்கத்துப் பல்லைப் பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. "முன்பல் ஒண்ணு போச்சு, கல்யாணத்துக்குப் போகணும்"னு அவசரமா கட்டுறோமே, அந்தப் பல்தான்.

சின்னது, லேசு, விலையும் குறைவு. அதனாலேயே அதைப் பத்தி யாரும் கவலைப்படுறதில்ல.

3/
அது உள்ள போனா என்ன ஆகும்னு புரியணும்னா, உணவுக்குழாய் எப்படின்னு கொஞ்சம் தெரியணும்.

பெரியவங்களுக்கு அது சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக் குழாய். ஒரே அகலத்துல இருக்காது. தொண்டையிலிருந்து அது ஆரம்பிக்கிற இடம்தான் ரொம்பக் குறுகல். அடுத்து, நெஞ்சுக்குள்ள இதயத்திலிருந்து கிளம்புற பெருந்தமனி குறுக்கே போற இடம். அப்புறம் இடது மூச்சுக்கிளைக் குழாய் தொடுற இடம். கடைசியா உதரவிதானத்தைத் தாண்டுற இடம். விழுங்கின பொருள் சிக்குறது பெரும்பாலும் இந்த நாலு இடத்துல ஒண்ணுலதான்.

ஒரு நாணயம் சிக்கினா வழவழன்னு இருக்கும். கம்பிக் கொக்கி அப்படி இல்ல. தூண்டில் முள் மாதிரி சுவர்ல குத்தி நிக்கும். ஓட்டை விழுந்தா எச்சிலும் கிருமியும் நெஞ்சுக்கூட்டுக்குள்ள இறங்கும். பக்கத்துல பெரிய ரத்தக்குழாய்கள் வேற. அங்கிருந்து நிலைமை மோசமாகுறது ரொம்ப வேகமா நடக்கும்.

4/
பொதுவா விழுங்கின பொருட்கள்ல பெரும்பாலானவை தானாவே மலத்தோட வெளிய வந்துடும். இது உண்மை. நாணயம் முழுங்கின பல குழந்தைகளுக்கு நாங்க காத்திருந்து பார்க்கச் சொல்றதும் அதனாலதான்.

ஆனா அந்த ஆறுதலை கம்பி வச்ச பல்லுக்குப் பொருத்தாதீங்க. கூர்மையான பொருளுக்குக் கணக்கே வேற.

5/
யாருக்கெல்லாம் இந்த ஆபத்து அதிகம்?

• பக்கவாதம் வந்தவங்க. விழுங்குற தசையும் பலவீனம், வாயின் ஒரு பக்கம் உணர்ச்சியும் குறைவு.
• டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவங்க. வாய்ல இருக்கிறது பல்லா, சோறா, மாத்திரையான்னு தெரியாது. கையில கிடைக்கிறதை எல்லாம் வாயில போடுறவங்களும் உண்டு.
• வலிப்பு வர்றவங்க.
• பார்க்கின்சன்ஸ் உள்ளவங்க.
• மது அதிகம் குடிக்கிறவங்க. போதையில தூங்கும்போது கழண்டு உள்ள போனதே தெரியாது.
• தூக்க மாத்திரையோ, மயக்கம் தர்ற மனநல மருந்துகளோ எடுக்கிறவங்க.
• அறிவுசார் குறைபாடு உள்ளவங்க.
• ஆபரேஷனுக்காக மயக்க மருந்து வாங்கப் போறவங்க. அதாவது நாம எல்லாரும்.

6/
இன்னொரு விஷயம். சாப்பாட்டுல கிடக்கிற கல்லு, முள்ளு எல்லாம் நமக்குத் தெரியுறதுக்கு மேலண்ணத்தின் உணர்ச்சி ரொம்ப முக்கியம். பல்செட்டின் தகடு அந்த அண்ணத்தை மூடிடுது. அதனால பல்செட் போட்டவங்களுக்கு மீன்முள், எலும்புத் துண்டு கூட தெரியாம உள்ள போக வாய்ப்பு அதிகம். பல்லே கழண்டு சோத்தோட கலந்தாலும் அதே கதிதான்.

பாட்டிக்கு மீன் குழம்பு வைக்கிற வீடுகள்ல முள் எடுத்துக் கொடுங்கன்னு நான் சொல்றது செல்லம் கொடுக்க இல்ல.

7/
"அது நல்லா டைட்டாத்தான் இருந்துச்சு டாக்டர்."

இருந்திருக்கும், செஞ்ச புதுசுல. பல் போன இடத்துல தாடை எலும்பு வருஷா வருஷம் கரைஞ்சுக்கிட்டே வரும். உடம்பு இளைச்சா ஈறும் சுருங்கும். கம்பி பிடிச்சிருந்த பக்கத்துப் பல் ஆடும், சில நேரம் விழுந்தே போகும். பல்செட் மட்டும் அதே அளவுல இருக்கும். பத்து வருஷம் முன்னாடி செஞ்ச பல், இன்னைக்கு இருக்கிற வாய்க்குப் பொருந்தாது.

கம்பி உடைஞ்சிருந்தா, தகட்டுல விரிசல் இருந்தா, பேசும்போது கடகடன்னு ஆடுச்சுன்னா, அதைப் போடுறதை நிறுத்துங்க. வீட்ல இருக்கிற பசையைத் தடவி ஒட்டி மறுபடி மாட்டாதீங்க.

8/
இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். நல்லா இருக்கிற ஒருத்தர் பல்லை முழுங்கினா, பதறி ஓடி வந்து சொல்லிடுவார். மேலே சொன்ன ஆட்கள் சொல்ல மாட்டாங்க. சொல்ல முடியாது.

நமக்குத் தெரியுறது இப்படித்தான்:

• "ரெண்டு நாளா அப்பா சாப்பாட்டைத் தள்ளி விடுறார்"
• "வாயிலிருந்து எச்சில் ஒழுகிட்டே இருக்கு"
• "தண்ணி கொடுத்தா இருமுறாங்க"
• "குரல் கரகரன்னு மாறிடுச்சு"
• "கழுத்தைத் தொட விட மாட்டேங்குறாங்க"
• "லேசா காய்ச்சல்"

மறதி நோய் உள்ளவர்னா, "அடம்பிடிக்கிறார்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறோம். பக்கவாதம் வந்தவர்னா, "அந்த வியாதிதான் முத்திப்போச்சு"ங்கிறோம்.

சாப்பிட மறுக்குற பெரியவரைத் திட்டுறதுக்கு முன்னாடி, அவர் வாயைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. பல் இருக்கா? டப்பாவுல இருக்கா? ரெண்டு இடத்துலயும் இல்லைன்னா உடனே ஆஸ்பத்திரி.

9/
அடுத்த கண்ணி எக்ஸ்ரே.

பெரும்பாலான பல்செட்டுகள் அக்ரிலிக்ல செஞ்சவை. இந்தப் பிளாஸ்டிக் சாதாரண எக்ஸ்ரேவுல தெரியாது. கம்பி இருந்தா கம்பி மட்டும், மெல்லிய கோடா தெரியும். கம்பி இல்லாத தகடுன்னா படம் சுத்தமா இருக்கும்.

"எக்ஸ்ரே நார்மல், வீட்டுக்குப் போங்க"ன்னு யாராவது சொன்னா, "இது பிளாஸ்டிக் பல் சார், எக்ஸ்ரேவுல தெரியுமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்தக் கேள்வி கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல. தேவைப்பட்டா சி.டி. ஸ்கேனும், எண்டோஸ்கோபியும் செய்வாங்க.

10/
இதெல்லாம் வசதி இல்லாத ஊர்லதான் தவறுதுன்னு நினைக்காதீங்க.

2019-ல பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழ்ல வந்த இங்கிலாந்து சம்பவம். 72 வயசு ஆள். வயிற்றுச் சுவர்ல இருந்த சாதாரணக் கட்டியை எடுக்க சின்ன ஆபரேஷன். ஆறு நாள் கழிச்சு வாயில ரத்தம், வலி, விழுங்க முடியலைன்னு எமர்ஜென்சிக்கு வர்றார். நெஞ்சுச் சளித்தொற்றா இருக்கும், மயக்கத்துக்குக் குழாய் போட்டதோட பக்கவிளைவா இருக்கும்னு நினைச்சு, வாய் கொப்பளிக்கிற மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு கொடுத்து அனுப்பிடுறாங்க.

ரெண்டு நாள்ல இன்னும் மோசமாகித் திரும்ப வர்றார். படுத்தா மூச்சு முட்டுது. மூக்கு வழியா கேமரா விட்டுப் பாத்தா, குரல்நாண்களுக்குக் குறுக்கே அரைவட்டமா ஒரு பொருள். மூணு பல் வச்ச உலோகத் தகடு. அவரோட பல்செட்.

11/
இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது ஒண்ணு உண்டு. அந்த மனுஷனுக்குத் தன் பல்செட் காணாமப் போனது தெரியும். ஆஸ்பத்திரியில எங்கேயோ தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சுட்டிருந்தார்.

எட்டு நாள். பல் காணோம்ங்கிறதையும், தொண்டை வலிக்குதுங்கிறதையும் யாரும் ஒண்ணாச் சேர்த்துப் பாக்கல. பல்லை எடுத்த பிறகும் ரத்தப்போக்கால அவர் பலமுறை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்துச்சு. ரத்தம் ஏத்த வேண்டியிருந்துச்சு, மறுபடி அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டுச்சு.

அதனால இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: காணாமப் போன பல்செட், வேற எங்கேயாவது கண்ணுல படுற வரைக்கும் உடம்புக்குள்ளதான் இருக்குன்னு வச்சுக்கணும்.

12/
விழுங்கிட்டாங்கன்னு சந்தேகம் வந்தா, என்ன செய்யக்கூடாது?

❌ சோத்து உருண்டை, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளி விடாதீங்க. மீன்முள்ளுக்கு நம்ம வீடுகள்ல செய்யுற வைத்தியம் இது. கம்பிக் கொக்கிக்கு இதைச் செஞ்சா, குத்தி நிக்கிறதை இன்னும் ஆழமாக் குத்த வைப்பீங்க.
❌ உப்புத் தண்ணி கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீங்க. இறங்கும்போது கிழிக்காதது ஏறும்போது கிழிக்கும்.
❌ "நாளைக்குக் காலைல மலத்துல வருதா பாப்போம்"னு காத்திருக்காதீங்க.

13/
என்ன செய்யணும்?

✅ அதுக்கப்புறம் சாப்பாடு, தண்ணி எதுவும் கொடுக்காதீங்க.
✅ எண்டோஸ்கோபி வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. தெரியலைன்னா 108-க்குக் கூப்பிட்டுக் கேளுங்க.
✅ பல்லோட போட்டோ இருந்தா காட்டுங்க. எத்தனை பல், கம்பி உண்டா, தகடு எவ்வளவு பெருசுன்னு சொல்லுங்க. உள்ள இருக்கிறது எப்படிப்பட்ட பொருள்னு தெரிஞ்சா எடுக்குறவங்களுக்கு பாதி வேலை முடிஞ்சது.
✅ கழுத்துத் தோலை அமுக்கினா பொரி நொறுங்குற மாதிரி இருக்கா? நெஞ்சு வலி, காய்ச்சல் இருக்கா? உணவுக்குழாய்ல ஓட்டை விழுந்ததுக்கு அது அறிகுறியா இருக்கலாம். வாசல்லயே சொல்லிடுங்க.

ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தோட 2016 வழிகாட்டுதல், உணவுக்குழாய்ல கூர்மையான பொருள் சிக்கினா முடிஞ்சா 2 மணி நேரத்துக்குள்ள, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு சொல்லுது. இரைப்பைக்குப் போயிட்டா 24 மணி நேரத்துக்குள்ள. நமக்கு நேரம் அவ்வளவுதான்.

14/
பல் மூச்சுக்குழாய் பக்கம் போய் அடைச்சா அது வேற அவசரம்.

இருமவும் பேசவும் முடிஞ்சா, இருமச் சொல்லி ஊக்கப்படுத்துங்க. முதுகுல தட்ட வேண்டாம். சத்தமே வரல, மூச்சு விட முடியல, முகம் நீலமாகுதுன்னா, முன்பக்கமா குனிய வச்சு ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல உள்ளங்கையின் அடிப்பகுதியால ஓங்கி 5 தட்டு. வரலைன்னா பின்னாடி நின்னு, தொப்புளுக்கு மேல கையைக் கட்டி உள்நோக்கி மேல்நோக்கி 5 அமுக்கு. மாத்தி மாத்திச் செய்யுங்க. இன்னொருத்தர் 108-க்குக் கூப்பிடட்டும்.

நினைவு தப்பிட்டா சி.பி.ஆர். ஆரம்பிங்க. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள்ள விரலை விட்டுத் துழாவாதீங்க. இன்னும் உள்ள போயிடும்.

15/
இவ்வளவு படிச்சதும் சிலர் உடனே முடிவுக்கு வந்திருப்பீங்க. "இனிமே அம்மாவுக்குப் பல்லே வேணாம், எடுத்து உள்ள வச்சிடலாம்."

அதுவும் தப்பு. இதை நான் அழுத்திச் சொல்லணும்.

பல் இல்லாம மெல்லாத சாப்பாடு பெரிய பெரிய கவளமா உள்ள போகும். அதுவே தொண்டையை அடைக்கும். கஞ்சியும் ரசஞ்சாதமும் மட்டுமே சாப்பிட்டா உடம்பு கரையும். பேச்சு குழறும். பொக்கை வாயோட யார் முன்னாடியும் வர மாட்டேன்னு ரூமுக்குள்ளயே உக்காந்துடுற பெரியவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. பல் என்பது அவங்களுக்குச் சோறு மட்டும் இல்ல, மரியாதையும் கூட.

நம்ம பயத்துக்காக அவங்க பல்லைப் பிடுங்கி வைக்கிறது பாதுகாப்பு ஆகாது.

16/
அப்போ என்னதான் செய்ய? ஆளைப் பார்த்து முடிவு பண்ணணும்.

• நல்ல நினைவு, நல்லா பொருந்துற பல்: பகல்ல போடட்டும், ராத்திரி கழட்டட்டும்.
• லேசான மறதி, பக்கவாதத்துல தேறி வர்றவங்க: சாப்பிடும்போது பக்கத்துல ஒருத்தர் இருக்கணும். சாப்பிட்டு முடிச்சதும் பல் இருக்கான்னு பாக்கணும். விழுங்கும் பயிற்சி தர்ற ஸ்பீச் தெரபிஸ்ட் கிட்ட பல் மாட்டின நிலையிலேயே பரிசோதனை செய்யச் சொல்லுங்க.
• அடிக்கடி வலிப்பு வர்றவங்க: கம்பி வச்ச சின்னத் தகடு வேண்டாம். நிலையா பொருத்துற பல் முடியுமான்னு பல் டாக்டரைக் கேளுங்க.
• பல்லை நாக்கால தள்ளி விளையாடுறவங்க, கையில கிடைச்சதை எல்லாம் வாயில போடுறவங்க: இவங்களுக்குச் சின்னப் பல்செட்டை நிறுத்துறதுதான் சரி. சாப்பாட்டை மசிச்சுக் கொடுங்க. பல்லை அவங்க கைக்கு எட்டாம வைங்க.

17/
ராத்திரி கழட்டுறது எல்லாருக்கும் பொருந்தும். "எங்க தாத்தா முப்பது வருஷமா பல்லோடதான் தூங்குறார்"னு வராதீங்க. 2015-ல ஜப்பான்ல 85 வயசு தாண்டிய 524 பேரை வச்சு ஒரு ஆய்வு வெளியாச்சு. பல்செட்டோட தூங்குறவங்களுக்கு நிமோனியா வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட சுமார் ரெண்டு மடங்குன்னு அதுல தெரிஞ்சது.

கழட்டினதை மூடி போட்ட டப்பாவுல, தண்ணியில போட்டு வைங்க. தலையணைக்கு அடியிலயும், டம்ளர்லயும் வைக்காதீங்க. இருட்டுல தாகம் எடுத்தா அந்த டம்ளரைத்தான் எடுத்துக் குடிப்பாங்க.

18/
பல் மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல் கட்டுறதுக்கு முன்னாடி, "வலிப்பு இருக்கா? பக்கவாதம் வந்திருக்கா? மறதி இருக்கா?"ன்னு கேளுங்க. ஆமான்னா, ஒத்தைப் பல் அக்ரிலிக் தகட்டைத் தவிர்த்து வேற வழி பாருங்க. உலோகச் சட்டம் வச்ச பல்செட் நல்லாப் பிடிக்கும், எக்ஸ்ரேவுலயும் தெரியும்.

அக்ரிலிக்கை எக்ஸ்ரேவுல தெரிய வைக்க பேரியம் மாதிரி பொருட்களைக் கலந்து பாத்தாங்க. தகடோட வலு குறைஞ்சுது. ஆனா பேர் எழுதின சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையைத் தகட்டுக்குள்ள பதிக்கிற வழக்கம் ஸ்வீடன்ல இருக்கு. தொலைஞ்சா யாருதுன்னு தெரியும். விழுங்கினா எக்ஸ்ரேவுல அந்த உலோகம் தெரியும். பெரிய தொழில்நுட்பம் ஒண்ணும் இல்ல இது.

மக்களே, தெருவோரத்துல, டிகிரி இல்லாதவங்க கிட்ட ஒரு மணி நேரத்துல பல் கட்டிக்காதீங்க. அந்தப் பல்லுக்கு அளவும் இருக்காது, பொறுப்பும் இருக்காது.

19/
இனி எங்க பக்கம். ஆஸ்பத்திரிகள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டு வந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல்ல 19 அம்சங்கள் இருக்கு. பல்செட்டுக்குன்னு தனி வரி அதுல இல்ல. ஆனா உங்க இடத்துக்குத் தேவையானதைச் சேர்த்துக்கோங்கன்னு அந்த நிறுவனமே சொல்லுது. பல ஆஸ்பத்திரிகள்ல நர்ஸுகள் கேட்டு வாங்கி வைக்கிறாங்க. நல்ல விஷயம். ஆனா "கழட்டியாச்சு"ன்னு ஒரு டிக் போட்டா வேலை முடியுறதில்ல.

கேக்க வேண்டியது மூணு: இருக்கா? எத்தனை? இப்போ எங்க?

இந்த மூணும் அட்மிஷன் போதும் எழுதணும், ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வரும்போதும் சரிபாக்கணும், டிஸ்சார்ஜ் ஆகும்போதும் சரிபாக்கணும். பஞ்சு, கத்திரி எல்லாத்தையும் எண்ணித்தானே வயித்தை மூடுறோம்? பல்லையும் எண்ணுவோம்.

20/
"இருக்கிற கூட்டத்துல இதுக்கெல்லாம் நேரம் எங்க டாக்டர்?"

கேக்குறவங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஒரு நர்ஸ் ஒரு வார்டையே தனியாப் பாக்குற ராத்திரிகள் உண்டு. ஆனா "தாத்தா, கழட்டுற பல்லு ஏதாச்சும் இருக்கா?"ன்னு கேட்டு எழுத அரை நிமிஷம் போதும். சிக்கின பல்லை எடுக்க எண்டோஸ்கோபி டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், ஐ.சி.யூ. கட்டில்னு எத்தனை பேர் நேரம் போகுதுன்னு எண்ணிப் பாருங்க. நேரம் இல்லாத இடத்துலதான் இந்தக் கேள்வி இன்னும் அவசியம்.

மயக்கமா, வலிப்போட வர்ற ஆளுகிட்ட கேக்க முடியாது. அப்போ கூட வந்தவங்களைக் கேக்கணும். கூட வந்தது நீங்கன்னா, யாரும் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க: "டாக்டர், இவருக்கு கழட்டுற பல் இருக்கு."

21/
முதியோர் இல்லங்கள், வீட்டோட தங்கிப் பாத்துக்கிற பணியாளர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா போற சகோதரிகள்: படுத்த படுக்கையா இருக்கிறவங்க வீட்டுக்கு அதிகம் போறது நீங்கதான். பிரஷர் பாக்கும்போது வாயையும் ஒருமுறை பாருங்க. ஆடுற பல்லைக் கண்டா வீட்டுக்காரங்க கிட்ட சொல்லுங்க. உங்க நோட்டுல அதுக்கு ஒரு கட்டம் இருக்கணும்ங்கிறது என் கருத்து.

22/
இன்னைக்கே உங்க வீட்ல செய்யக்கூடியது:

1. பல்செட்டை வெள்ளைத் தாள்ல வச்சு, பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க. ரெண்டு பக்கமும்.
2. கம்பி, விரிசல் பாருங்க. ஆடுதான்னு பாருங்க.
3. மூடி போட்ட டப்பா வாங்கிப் பேர் எழுதுங்க.
4. மருந்துச் சீட்டு ஃபைலோட முதல் பக்கத்துல "கழட்டுற பல் உண்டு, மேல் / கீழ், இத்தனை பல், கம்பி உண்டு / இல்லை"ன்னு எழுதுங்க.
5. வருஷத்துக்கு ஒருமுறை பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. பல்லே இல்லைன்னாலும் காட்டணும்.

23/
விழுங்கின பல்லை எடுக்க நல்ல கருவிகள் இருக்கு, திறமையான டாக்டர்கள் இருக்காங்க. ஆனா பல் உள்ள இருக்குன்னு யாருக்காவது தோணினாத்தான் அவங்களால உதவ முடியும். வாய் பேச முடியாத பெரியவருக்கு அந்தச் சந்தேகம் வீட்ல உங்களுக்கு வரணும், ஆஸ்பத்திரியில எங்களுக்கு வரணும்.

தாத்தா பாட்டி இருக்கிற வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு இதை அனுப்பி வைங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.